கழுவிய கை

கொரோனா வந்த வருஷம் சித்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெற்றவர்கள் உயிரோடு இல்லாததால் அக்கா வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. கயத்தாறு பக்கம் எங்கள் ஊர். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பிறந்த தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை.

சித்தி அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். முதலில் சோப்பு, அப்புறம் சானிடைசர், கை காய்ந்த பிறகுதான் பிள்ளை. ஒரு முறை கழுவினால் ஒரு முறை தூக்கலாம் என்றால் இருபது முறை கழுவினால் இருபது முறை தூக்கலாம். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஒரு மாதத்தில் விரலிடுக்குகள் சிவந்து வெடித்தன. சானிடைசர் பட்டால் எரியும். எரிந்தால் கிருமி சாகிறது என்று சந்தோஷப்படுவேன். பிறகு ஒரு வெடிப்பில் சீழ் வைத்தது. அதை அழுக்கென்று நினைத்து இன்னும் தேய்த்துக் கழுவினேன். காட்டினால் பிள்ளையைத் தரமாட்டார்கள் என்று யாரிடமும் காட்டவில்லை.

ஒருநாள் காலையில் குளிப்பாட்டுவதற்காகத் தம்பியின் சட்டையைக் கழற்றிய சித்தி, அவன் முதுகில் சீழ்க்கொப்புளங்களைப் பார்த்தாள். அடுத்து என் கையைப் பார்த்தாள்.

“ஏட்டி, இந்தக் கையோடயா பிள்ளையத் தூக்குன?”

“கழுவிட்டுத்தான் சித்தி தூக்குனேன்.”

அன்றைக்கே ஆட்டோ பிடித்து, அம்மாவும் சித்தியும் நானுமாகக் கோவில்பட்டிக்குக் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அந்த டாக்டரம்மா தம்பிக்கு மருந்து எழுதிக் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார். பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம தோல்ல நல்ல கிருமியும் குடியிருக்கும்மா. அதுக இருக்கிற வரைக்கும் கெட்டது லேசுல உள்ள வராது. நீ ஓயாம கழுவி எண்ணெய்ப்பசையையும் போக்கிட்ட, அதுகளையும் விரட்டிட்ட. தோலு வெடிச்சு, கெட்டது குடிவந்திருச்சு. கழுவாதன்னு சொல்லல. வேண்டிய நேரத்துல சோப்புப் போட்டுக் கழுவு, போதும். கழுவுனதும் தேங்கா எண்ணெய் தடவு. புண்ணுக்கு மருந்து எழுதித் தாரேன். அது ஆறுற வரைக்கும் பிள்ளையத் தொடாத.”

சித்தியின் கையையும் காட்டச் சொன்னார். முந்தானைக்குள்ளிருந்து அவள் மெதுவாக எடுத்தாள். என் கையைவிட மோசமாக இருந்தது. உள்ளங்கை முழுக்க வெடித்து ரத்தம் உறைந்திருந்தது.

எனக்குப் பெரிய நிம்மதி. திரும்பி வரும்போது ஆட்டோவில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“அப்ப நீங்கதான் சித்தி தம்பிக்கு ஒட்ட வச்சிருக்கிய.”

சித்தி பிள்ளையைப் பார்த்தபடியே, “இருக்கும்” என்றாள். அம்மா வெளியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தம்பிக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. எனக்கு மூன்று வாரம் ஆனது, சித்திக்கு அதற்கும் மேலே.

இவனுக்கு முன்னால், எனக்கு விவரம் தெரியாத வயதில், சித்திக்கு ஒரு பிள்ளை பிறந்ததையும், கிருமி தாக்கி அது பதினோராம் நாள் போய்விட்டதையும், நான் நர்சிங் படிக்கச் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். தன் கை பட்டதால்தானோ என்று சித்தி பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. துடுக்காகப் பேசினால் தொடையில் கிள்ளும் அம்மா அன்றைக்குக் கிள்ளவில்லை. நான் சொன்னது சரி என்பதால்தான் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.