ஆள் ஏறினால் வரும் சத்தம்

வெண்ணந்தூரில் கருப்பண்ணனின் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு பஞ்சாலை முதலாளி ஓட்டி அலுத்துப்போய் விற்ற பழைய கறுப்புக் கார். கூரைக்கு மட்டும் மஞ்சள் வர்ணம் அடித்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். வலி கண்ட பெண்ணைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதானாலும், பெண் பார்க்கத் திருச்செங்கோடு போவதானாலும் ஜனங்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். நிதானமான கை என்று பெயர். அந்த நிதானத்துக்கு அடியில் எவ்வளவு பயம் கிடந்தது என்பது அவன் மனைவி அத்தாயிக்குக்கூடத் தெரியாது.

எழுபத்தெட்டாம் வருசம் மாசி மாதம் அது ஆரம்பித்தது. உள்ளூர் முத்தாயம்மாள் வீட்டுக்காரர்களை ஒரு நிச்சயத்துக்கு ஏற்றிப்போய்க் கொண்டிருந்தான். பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். சிறு பாலம் ஒன்றில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் அடியிலிருந்து 'டொக்' என்றது. யாரோ மூடிய கதவை விரல் முட்டியால் தட்டியதுபோல. அடுத்த திருப்பத்தில் மறுபடியும் 'டொக், டொக்'.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். டிக்கியைத் திறந்து பார்த்தான். ஜாக்கி சாக்கில் சுற்றியபடி அசையாமல் இருந்தது. நான்கு சக்கரத்து நட்டுகளையும் திருகிப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. "உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?" என்று முத்தாயம்மாளைக் கேட்டான். "என்ன சத்தம் சாமி? நாங்க பேசிக்கிட்டு வந்ததுல ஒண்ணுங் கேக்கலியே" என்றாள் அவள்.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே பாலம், அதே திருப்பம், சத்தமே இல்லை. மறுநாள் வேறு ஆட்களை ஏற்றினான். 'டொக்'.

அன்றிலிருந்து ஸ்டீரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வியர்த்தது. காது முழுக்கப் பின்பக்கம் போய்விடும். எதிரே வருகிற பஸ் கிட்டத்தில் வந்த பிறகே கண்ணில் படும். நடுவழியில் நிறுத்திச் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறுவான். ஏறியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சேலம் அம்மாபேட்டையில் சண்முகவேல் என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். சண்முகவேல் கெட்டிக்காரன்தான், அக்கறையாகத்தான் பார்த்தான். பள்ளம் மேடு எல்லாவற்றிலும் ஓட்டினான். ஜாக்கி கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான், சுத்தியலால் அங்கங்கே தட்டினான். ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் தடவை போனபோதும் அதே கதை. மூன்றாவது தடவை, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. சத்தம் காருல இல்லீங்க."

"பொறவு எங்க இருக்குது?"

சண்முகவேல் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தான். "ரண்டு நாளு நல்லாத் தூங்கி எந்திரிங்கண்ணா" என்றான்.

கருப்பண்ணன் காரை ஊருக்குத் திருப்பினான். கார் கெட்டால் பயம் ஒரு விதம். புத்தி கெட்டுக்கொண்டிருக்கிறதோ என்கிற பயம் அதைவிடக் கொடிதாக இருந்தது. காரை வேப்பமரத்தடியில் நிறுத்தியவன் அதைத் தொடவில்லை. வாடகைக்கு வந்தவர்களிடம் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

அத்தாயி சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஆள் ஏத்துனாத்தான் சத்தம் வருதுங்கறீங்க. சேலத்துக்கு மட்டும் வெறுங்காரைக் கொண்டுபோயிக் காட்டுறீங்க. அது எப்படிங்க கேக்கும்?"

கருப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை நாளும் தனக்கு இது தோன்றவில்லையே என்றிருந்தது.

"திண்ணையில கெடக்குற கடலைக்காய் மூட்டையெல்லாந் தூக்கிப் பின்னால போடுங்க. நானும் ஏறிக்கறேன்."

"நீ வேண்டாம் புள்ள."

"மூட்டை வந்து உங்ககிட்ட எந்தப் பக்கஞ் சத்தம்னு சொல்லுமா?"

பின்சீட்டின் மெத்தையை எடுத்துவிட்டு மூட்டைகளை அடுக்கினார்கள். அவற்றுக்கு நடுவில் அத்தாயி குந்திக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தகரத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். கருப்பண்ணனுக்குச் சாவியைத் திருப்பவே கை வரவில்லை. மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தானே தேடிப் போவது அவனுக்குக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

ஊரைத் தாண்டி ஏரிக்கரைப் பாதையில் திருப்பினான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். முதல் குழியிலேயே வந்தது: 'டொக்'.

"கேக்குதுங்க!" என்று அத்தாயி கத்தினாள். "நெசமாலுமே கேக்குதுங்க! எடது பக்கம், என்ற கைக்கு அடியிலயே இடிக்குது!"

கருப்பண்ணனுக்கு ஒரு கணம் அழுகை முட்டியது. தனக்குப் பைத்தியமில்லை. அடுத்த கணமே இன்னொன்று உறைத்தது. அப்படியானால் காரில் நிஜமாகவே ஏதோ விட்டுப்போய்க் கொண்டிருக்கிறது. அதன் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நிறுத்திவிடலாம் என்று காலை எடுப்பதற்குள் கரை வளைந்தது. ஸ்டீரிங்கை ஒடித்தான். பின்பக்கம் பெரிதாக ஒரு இடி. கார் அவன் சொன்னபடி கேட்கவில்லை. வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, முகம் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியது. டயர் தகரத்தில் உரசிக் கிறீச்சிட்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டே அவன் போட்ட சத்தம் அவனுக்கே கேட்கவில்லை.

கார் நின்றது. முன்சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது. சரிந்த மண் கட்டிகள் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

அத்தாயியை இழுத்து இறக்கிக் கொஞ்ச தூரம் கூட்டிப்போன பிறகே அவன் உட்கார்ந்தான். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனுக்குத்தான் நடுக்கம் நிற்கவில்லை. அப்போது அவளிடம் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தபோது வாழப்பாடி அருகே நடந்தது அது. மஞ்சள் மூட்டை லோடு. பின்னால் 'டொக் டொக்' என்று கேட்கிறது என்று டிரைவர் சுப்பையனிடம் சொல்லியிருக்கிறான். "தார்ப்பாய் காத்துல அடிக்குதுடா, கம்முனு வா" என்று சிரித்திருக்கிறார் சுப்பையன். சற்று நேரத்தில் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் கழன்று லாரி கவிழ்ந்தது. மூட்டைகளுக்கு அடியிலிருந்து கருப்பண்ணனை உயிரோடு இழுத்தார்கள். சுப்பையன் செத்துப்போனார்.

"இத்தன வருசம் ஏஞ் சொல்லல?" என்றாள் அத்தாயி.

"சொன்னா நீ என்னைய வண்டி ஓட்ட உடமாட்ட. வேற எனக்கு என்ன தெரியும்?"

அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் எழுந்து, மெயின் ரோட்டுக்கு நடந்துபோய்ச் சேலம் பஸ் ஏறினாள். மத்தியானம் சண்முகவேலோடும் அவன் சாமான் பையோடும் திரும்பி வந்தாள்.

சண்முகவேல் காரின் அடியில் படுத்து, கெட்டிதட்டிப்போன மண்ணையும் கிரீஸையும் சுரண்டினான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. இடது பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் உள்ளுக்குள்ளேயே முறிந்திருந்தது. பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்து மேலே இறுக்கிய யூ போல்ட்டும் தளர்ந்திருந்தது. வெறுங்காரில் அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கும். கனம் ஏறினால் ஆக்சில் நகர்ந்து நகர்ந்து இடிக்கும். இன்றைக்கு ஒரேயடியாக நழுவிவிட்டது.

"ஜாக்கியில தூக்கிப் பாத்தா எப்படீங்கண்ணா தெரியும்? கனமே இல்லாமத் தொங்குது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நாஞ் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

"சொன்னதுல என்ன இருக்குது. நானே அப்படித்தான் நெனச்சேன்" என்றான் கருப்பண்ணன்.

இரண்டு பக்கமும் புது போல்ட்டுகள் போட்டு, மறுபடி மூட்டைகளை ஏற்றி, சண்முகவேலே ஓட்டிக் காட்டினான். சத்தம் இல்லை. கருப்பண்ணன் பின்னால் உட்கார்ந்து தகரத்தில் காதை வைத்துக்கொண்டு வந்தான்.

பயம் அதோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் பாவாயி என்கிற கிழவியை அவள் மகனோடு பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனான். ஆட்டையாம்பட்டி தாண்டும்வரை உள்ளங்கை ஈரமாகத்தான் இருந்தது. மாட்டு வண்டிகூட அவனை முந்திவிடும்போல இருந்தது.

"ஏஞ் சாமி, இன்னும் வெரசாப் போகாதா?" என்று கேட்டாள் பாவாயி.

"போகுமுங்க ஆத்தா. எனக்குத்தான் பயமாக் கெடக்குது" என்றான் அவன். காரில் ஏறிய யாரிடமும் அவன் அப்படிச் சொன்னதில்லை.

"அப்பச் சரி, மெதுவாவே போ" என்று சொல்லிவிட்டு, கிழவி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.