மேகத்துக்குள் விழுந்த எரிநட்சத்திரம்

பணிமனையில் அவருக்கு நிதானம் என்று பெயர். இரவுப் பேருந்தை அவர் ஓட்டினால் மடியில் தூங்கும் குழந்தைகூடப் புரண்டு படுக்காது என்பார்கள் பயணிகள். விபத்தில்லா ஓட்டுநர் என்று நிர்வாகம் கேடயம் கொடுத்துக் கைகுலுக்கிய படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்த நிதானத்துக்குக் காரணம் திறமையல்ல, பயம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒரு வருடமாக இருட்டில் அவருக்குக் கண் தெரியவில்லை. பகலில் ஊசியில் நூல் கோத்துவிடுவார். வெளிச்சம் எங்கே முடிகிறதோ அங்கே அவருடைய உலகமும் முடிந்துவிடும். முகப்பு விளக்கு காட்டும் சாலை தெரியும். சாலையின் ஓரங்களை மனப்பாடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் ஓரத்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நடத்துநர் கத்தியிராவிட்டால்... அந்த வாக்கியத்தை அவர் இதுவரை முடித்ததில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என்னென்ன போகும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே, நாளை இரவு வண்டிக்கும் பேர் கொடுத்திருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் எரிநட்சத்திர மழை வந்து சேர்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை அதைக் கொல்லைப்புறத்தில் படுத்துப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். ஆரம்பித்து வைத்தவரே அவர்தான். இப்போது வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார்கள். மனைவியின் தம்பி அதற்கு ஒரு சட்டம் வேறு போட்டு வைத்திருந்தான். பார்த்தவர் திசையைச் சொல்லிக் கத்த வேண்டும். கடைசிவரை வாயே திறக்காதவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

வீட்டு விளக்குகளை அணைத்தார்கள். தார்ப்பாயில் மனைவிக்கும் மகளுக்கும் நடுவே அவர் படுத்துக்கொண்டார். மேலே வானம் என்று ஒன்று இருப்பதை மற்றவர்கள் வாய்வார்த்தையை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று அதற்கும் சேர்த்துப் பயந்தார்.

ஆனால் சும்மா இல்லை, ஒரு உபாயம் வைத்திருந்தார். எரிநட்சத்திரத்தைக் கண்டதும் மகள் மூச்சை இழுப்பாள். அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் "கிழக்கே" என்று தொடங்கும்போது இவரும் "கிழக்கே" என்று முடித்துவிடுவார். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காதுக்கு இது பெரிய வேலையா?

உபாயம் நன்றாகவே வேலை செய்தது. மச்சினன்தான் சும்மா இருக்கவில்லை.

"மாமா வண்டி மாதிரியே மாமா கண்ணும். எல்லாரும் போய்ச் சேந்தப்புறம்தான் வருது."

மகள் சிரித்தாள். அவருக்குச் சுருக்கென்றது. கண் தெரியாதவருக்கு வேகமாகப் பார்ப்பதில் என்ன ரோஷம் என்று கேட்கலாம். வந்தது. ஒரு தடவையாவது முதலில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். நினைத்தபோதே எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். மகளின் மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத நேரம். இதைவிட்டால் வாய்ப்பு வராது.

"அதோ, மேற்கே! எம்மாம் நீளம்!"

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். மேகம் வந்து வானத்தை முழுசாக மூடி நேரமாகிறதாம். விலகட்டும் என்றுதான் எல்லோரும் பேசாமல் படுத்திருக்கிறார்களாம். மாமா மேகத்தையும் துளைத்துப் பார்க்கிறாராம். மகளும் சேர்ந்து சிரித்தாள். தப்பித்துக்கொள்ள நல்ல வழிதான். அவரும் சிரித்து வைத்தார்.

மனைவி சிரிக்கவில்லை.

"நான் இப்ப எங்க இருக்கேன், சொல்லுங்க."

சிரிப்புச் சத்தத்தில் அவள் குரல் வந்த திசை பிடிபடவில்லை. அவர் இடதுபக்கம் திரும்பி, "இங்கதானே படுத்திருக்கே," என்றார். சிரிப்பு அறுந்து நின்றது. அவள் எப்போதோ எழுந்து அவருடைய காலடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எத்தனை நாளா?"

அவர் சொன்னார். சொல்லி முடித்ததும் மச்சினன், நாளைக்கே நல்ல டாக்டராகப் பார்க்கலாம், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், வேலை முக்கியம் என்று தணிந்த குரலில் தொடங்கினான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்த வண்டியிலதான் உங்க பொண்ணு மாசாமாசம் ஹாஸ்டலுக்குப் போறா. நீங்க ஓட்டறீங்கன்னு நம்பித் தூங்கிட்டுப் போறா."

செல்போனை அவர் கையில் வைத்தாள். திரை வெளிச்சத்தில், அன்றிரவு முதன்முதலாக, அவள் முகம் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது அவருக்கு.

பணிமனைக்குப் போன் போட்டார். இரவுப் பொறுப்பாளர் எடுத்தார். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்னய்யா நிதானம், லீவு நாள்லயும் தூக்கம் வரலியா?"

"நாளைக்கு வண்டியில என் பேரை எடுத்துடு. இனிமே ராத்திரி வண்டியே எனக்கு வேணாம். இருட்டுல கண்ணு தெரியல."

"விளையாடாதய்யா. எப்பலேர்ந்து?"

நேற்றிலிருந்து என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மகள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வருஷம் ஒண்ணாச்சு."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. யாரையோ வெளியே போகச் சொல்லும் சத்தம், கதவு சாத்தப்பட்டது.

"சார், அப்படியே லைன்ல இருங்க," என்றார் பொறுப்பாளர்.

இத்தனை வருடத்தில் அந்த ஆள் அவரை சார் என்று கூப்பிட்டதே இல்லை. இப்போது பேசியது கூட்டாளி இல்லை, நிர்வாகம். அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.