ஃபிரிட்ஜின் மேல்தட்டு

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் வெளிவந்துவிடும். அதனால் ஆனிக்குள் நாங்கள் வரப்போகும் தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் பார்த்து முடித்திருப்போம். காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. இந்த ஆனியில்தான் முதல் முறையாக அந்தத் தாள்களைப் புரட்டப் பயமாக இருந்தது. வீட்டில் என் மனைவி இளைத்துக்கொண்டே போனாள்.

நோய்க்குப் பெயர் சீலியாக். போன கார்த்திகையில் மதுரையில் கண்டுபிடித்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். தீர்க்கும் மருந்து கிடையாது. ஆயுள் முழுக்க அவற்றை விட்டுவிடுவதுதான் வைத்தியம். அவள் விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா மணத்தில் வளர்ந்தவள். ஆனாலும் விட்டாள். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் அடுப்படியை விட்டுப் போயின. பெருங்காயத்தில்கூட மைதா கலப்பது உண்டு என்று படித்து, அதையும் மாற்றினேன். மாசியில் அவள் முகம் தெளிந்திருந்தது.

சித்திரையில் வயிற்று உப்புசம் மட்டும் மிச்சமிருந்தது. மருத்துவர் புரோபயாடிக் பொடி எழுதிக் கொடுத்தார். இது நோயைத் தீர்க்காது, உப்புசம் குறைய உதவலாம், உதவாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். சில பொடிகளில் கோதுமை மாவுச்சத்தோ பார்லி மால்ட்டோ சேர்ந்திருக்கும், பார்த்து வாங்குங்கள் என்றும் சொன்னார்.

பொடி எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு டப்பாவில் 'மாவுச்சத்து' என்று மட்டும் இருந்தது. எந்த மாவு என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட இன்னொன்றை வாங்கி, கம்பெனிக்குப் போன் செய்தும் கேட்டேன். மக்காச்சோள மாவுதான் என்றார்கள். குளிரில் வைக்கச் சொல்லியிருந்ததால் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தோம்.

எம். புதுப்பட்டியில் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் காலையில் பஸ் ஏறியதும், ஆறிய அரிசிக் கஞ்சியில் அந்தப் பொடியைக் கலந்து கொடுக்கும் வேலையை மதினி தானாக எடுத்துக்கொண்டார். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

வைகாசியில் வயிற்றுப்போக்கு திரும்பியது. மதினி முதலில் கேலி செய்தார்.

"ஏத்தா, ஆமத்தூர்ல புதுசாப் புரோட்டாக் கடை போட்டிருக்கானாமே, அங்கன போயிட்டு வந்தியா?"

அவளும் சிரித்தாள். ஆனியில் சேலைக் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூடியபோது யாரும் கேலி செய்யவில்லை. அண்ணன் மட்டும், எனக்குத் தெரியாமல் எதையாவது தின்கிறாளா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மதினி கஞ்சியின் அளவைக் கூட்டினார்.

மதுரையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குளூட்டனை எதிர்த்து உடம்பு சுரக்கும் எதிர்ப்பொருள், மாசியில் இறங்கியிருந்தது, மறுபடி ஏறியிருந்தது. எங்கிருந்தோ தினமும் குளூட்டன் உள்ளே போகிறது, இப்படியே விட்டால் குடல் தேறாது, எலும்பு வலுவிழக்கும், பின்னால் அதைவிட மோசமானதும் வரலாம் என்றார் மருத்துவர். அந்த மோசமானது எது என்று நான் கேட்கவில்லை, படித்திருந்தேன். பொடி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் லீவு போட்டேன். டப்பாவை எடுக்க முற்றத்தைத் தாண்டிப் போனபோது மதினி வேலையிலிருந்து எழுந்து வந்தார். பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெறும் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. வெடிமருந்து எதுவும் வீட்டுக்கு வராது. குழாய் ஒட்டும் பசையில் முன்பெல்லாம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்; எலி தொடாது, பசை கெடாது. சீக்காளி இருக்கிற வீட்டில் விஷம் வேண்டாம் என்று கார்த்திகையிலேயே துத்தத்தை நிறுத்தியிருந்தார். அதன்பின் பசை மறுநாளே புளித்தது. மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கத் தொடங்கினார். கதவைத் திறக்கும்போதெல்லாம் நானும் அதைப் பார்த்திருக்கிறேன்.

மணிக்கட்டுவரை பசை காய்ந்து செதிலாக நின்ற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேல்தட்டிலிருந்து பொடியை எடுத்தார். பசை டப்பாவின் மேல் கிடந்த கரண்டியையும் துடைத்து, அதை வைத்தே அள்ளிக் கஞ்சியில் கலந்து என் மனைவி கையில் கொடுத்தார். பொடி டப்பாவின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் கெட்டிப்பட்டிருந்தது.

"மதினி, அந்தப் பசை எதுல காய்ச்சுறீக?"

"எதுலயா? மைதாவுலதான். என்ன தம்பி, புதுசாக் கேக்கீக?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது போலிருந்தது. முகம் மாறிவிட்டது.

"அது பசைல்லா," என்றார் மெதுவாக. "அதை யாரு திங்கா?"

என் மனைவி தம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். உள்ளே பார்த்தாள்.

"இம்புட்டு நாளும் இதா?" என்று கேட்டுவிட்டு, தரையில் வைத்தாள்.

பசைச் சட்டியும் மைதா மூட்டையும் அன்றே தெருக்கோடியில் இருக்கும் கொட்டகைக்குப் போயின. பொடியைக் கொட்டினோம். குடல் அடங்கும்வரை எந்தப் பொடியும் வேண்டாம், பிறகு வேண்டுமானால் புது டப்பா, தனித் தட்டு, தனிக் கரண்டி, கழுவிய கை என்றார் மருத்துவர். பட்ட புண் ஆறுமா என்று கேட்டேன். தையில் பார்க்கலாம் என்றார்.

மதினி இப்போது அடுப்படிக்குள் வருவதில்லை. கையைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்று, "ஏத்தா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். உள்ளே வரச்சொல்லி இவள் கூப்பிட்டும் வரவில்லை.

தீபாவளி சீசன் சூடுபிடித்துவிட்டது. சாயங்காலமானால் தெருவில் வீட்டுக்கு வீடு பசை கொதிக்கிறது. மணத்தால் ஒன்றும் ஆகாது, மாவு வாய்க்குள் போனால்தான் கெடுதல் என்று மருத்துவர் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து போய், ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.