கலனில் வந்த பொட்டுக்கெண்டை

ஆலடிமோட்டைக் குளக்கட்டு முடிகிற வால்கட்டில், அரசாங்கக் காணி என்று ஊரார் சொல்லும் முள்ளுப் பற்றைக்குள் மீனம்மாவின் கொட்டில் இருந்தது. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு மைல் கட்டை நடந்தால் அந்த ஊர். பதினொரு வருடம் அங்கே இருந்தும் அவளை யாரும் ஊர்க்காரி என்று சொன்னதில்லை. கலியாண வீட்டுக்குப் பாத்திரம் கழுவக் கூப்பிடுவார்கள். பந்தியில் இருக்கச் சொல்லமாட்டார்கள். அவளும் போய் வாசலில் நிற்கிற ஆளில்லை.

வயல்காரர்களின் கமக்காரர் சங்கத் தலைவர் யோகலிங்கத்துக்கு அவளை ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் சோறு இறங்காது. காலையில் குளக்கட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் மீன்கூடு வைத்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்துக் கத்துவார்.

“ஏய் தோட்டக்காட்டு மகாராணி, குளத்தில மிச்சம் ஏதும் வைப்பியோ?”

“வெச்சிருக்கேங்க. எறங்கி வந்து பாருங்க. ஒங்க வயித்துக்கு நல்லா மெதப்பீங்க.”

குளக்கட்டில் மாடு மேய்ப்பவர்கள் சிரித்தால் யோகலிங்கத்தின் முகம் கறுக்கும். அடுத்த நாள் அவளுடைய கூடு ஒன்று கட்டின்மேல் மிதிபட்டுக் கிடக்கும். அவள் யாரிடமும் முறையிடமாட்டாள். ஈர்க்கு வெட்டிப் புதிதாகப் பின்னுவாள்.

மீனம்மா பிறந்தது தேயிலைத் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தபோது புருஷன் கணபதியோடும் தங்கை வடிவம்மாவோடும் வவுனியாவுக்கும் வடக்கே உருத்திரபுரத்துக்கு வந்து, வயல்காரர்களிடம் கூலிக்கு நின்றாள். மகள் நிரோஜா அங்கேதான் பிறந்தாள். ஆறு வயதில் மலேரியாக் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டாள். கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சல் பரப்பும் நுளம்பின் குஞ்சு நெளிந்ததை மீனம்மா தன் கண்ணால் பார்த்திருந்தாள். அங்கே குடியேறிய மலைநாட்டுச் சனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கிணறு வெட்டினால் வாய்க்காலில் வலைத்துணி போட்டு, வாலடியில் கறுப்புப் பொட்டு வைத்த சின்னக் கெண்டைகளைப் பிடித்து உள்ளே விடுவார்கள். நுளம்புக் குஞ்சை அது தின்றுவிடும். அவர்கள் கிணற்றில் மட்டும் அந்த வருடம் மீன் இருக்கவில்லை. விடுவோம், விடுவோம் என்று நாளைக் கடத்தியிருந்தார்கள். மகள் போன பிறகு, மீனில்லாத கிணற்றுத் தண்ணீரை மீனம்மா வாயில் வைத்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டது. எப்படியாவது மலைநாட்டுக்கே திரும்பிவிடலாம் என்று பலர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்கள். வடிவம்மா மாட்டைவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். மீனம்மா ஒரு பிளாஸ்ரிக் கலனில் வாய்க்கால் தண்ணீரும் முப்பது பொட்டுக்கெண்டையும் எடுத்துக்கொண்டாள். வேர் ஒட்டிய கொட்டி நீர்ச்செடி இரண்டையும் உள்ளே திணித்தாள்.

இரண்டு நாள் வெயில். பெட்டிக்குள் இருந்த பெண்ணொருத்தி பிள்ளைக்குத் தண்ணீர் கேட்டாள். மீனம்மா தன் குடிதண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள். அது முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் கலனில் விழுந்தது.

“சனம் நாவறண்டு சாகுது, இவ மீனுக்குத் தண்ணி வெச்சிருக்கா!”

மீனம்மா மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கணபதியே அவளைக் கெட்ட வார்த்தையால் ஏசினான். அவள் எழும்பவில்லை. வவுனியாவில் இறங்கியபோது ஏழு மீன் உயிரோடு கிடந்தது.

மலைநாட்டுக்குப் போகப் பாதை கிடைக்கவில்லை. முகாமில் சில மாதம் கழித்தபின் ஆலடிமோட்டையில் ஒதுங்கினார்கள். கொட்டிலுக்குப் பக்கத்தில் கட்டில்லாத ஒரு கிணறு வெட்டினார்கள். முகாமில் கலனிலேயே தண்ணீர் மாற்றிக் காத்த அந்த ஏழும் அதற்குள் போயின. மூன்றாம் வருட மாரியில் கிணறு நிரம்பி வழிந்து, தண்ணீர் நேரே குளத்துக்குள் இறங்கியது. குஞ்சும் தாயுமாக மீன்களும் போய்விட்டன. அடுத்த கோடையில் கொட்டி இலைகளுக்குள் அவை பெருகி நின்றது மீனம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஊரில் அவள் சொல்வதைக் கேட்க யார் இருந்தார்கள்? கணபதியும் பாம்பு தீண்டி இறந்தபின், குளத்து மீன்தான் அவளுக்குக் கஞ்சியும் கறியும். பெரிய மீனைச் சந்தியில் விற்பாள். பொட்டுக்கெண்டையை மட்டும் கூட்டிலிருந்து எடுத்துத் தண்ணீரிலேயே விடுவாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணியில் பத்மாசனி வந்தார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவர். மடிப்புக் கலையாத சேலை, தொப்பி, பெட்டி நிறையச் சின்னப் போத்தல்கள். போத்தலுக்குள் ஸ்பிரிட். வருகிற வழியில் சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றாக மூடி திறந்து மணந்து பார்த்து, சாராயம் கடத்துகிறாளா என்று ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் முழுதும் ஆலடிமோட்டையில் இறங்கியது.

“மீன் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்” என்றார். ஆண்கள் எல்லோரும் வயலில். யோகலிங்கம் வேண்டா வெறுப்பாக மீனம்மாவைக் காட்டினார்.

“நீர் தண்ணிக்குள்ள இறங்கும். சின்ன மீன் மட்டும். செட்டை பிய்ஞ்சால் நான் எடுக்கமாட்டன்” என்றார் பத்மாசனி அவளிடம்.

மீனம்மா பிடித்துக் கொடுத்தாள். பத்மாசனி வாலின் துடுப்புச் செட்டையில் நுனியளவு கத்தரித்துப் போத்தலில் போட்டுவிட்டு மீனைத் திரும்பவும் குளத்தில் விட்டார். கொட்டி இலையிலும் துண்டு வெட்டினார். எல்லாவற்றிலும் இலக்கம் எழுதினார். சுற்றுவட்டாரத்தில் மற்ற நாலு குளத்திலும் இப்படியே எடுத்து, தெற்கே ஆய்வுகூடத்துக்கு அனுப்பப் போவதாக யோகலிங்கத்திடம் சொன்னார். பார்வைக்கு எல்லாம் ஒரே கெண்டைதான். உள்ளே இருக்கும் மரபணுவைப் படித்தால், எது எந்தக் குளத்துக்கு மட்டும் சொந்தம் என்று தெரியுமாம்.

“தெரிஞ்சென்ன செய்யிறது, மிஸ்? வாற கோடையில மிசின் வைச்சுத் தண்ணியை இறைச்சு, இந்தக் குப்பை மீனெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திலாப்பியாக் குஞ்சு விடப்போறம். சங்கம் தீர்மானிச்சிட்டுது.”

“இந்த மீன் இந்தக் குளத்துக்கு மட்டும் உரியது எண்டால் ஏலாது. நான் மேல எழுதுவன். ஒருத்தரும் தொடேலாது” என்ற பத்மாசனி பேனையை எடுத்தார். “இது எவ்வளவு காலமா இஞ்ச இருக்குது?”

“அது எங்கட அப்பப்பா காலத்தில இருந்து நிக்குது” என்றார் யோகலிங்கம் யோசிக்காமலே. பத்மாசனி எழுதிக்கொண்டார்.

இரண்டு முழத் தூரத்தில், கழுத்தளவு தண்ணீரில் மீனம்மா நின்றாள். உண்மை வாய்வரைக்கும் வந்தது. திலாப்பியா வந்தால் குளம் சங்கத்துக்கு. தன் கூட்டுக்கு இடமில்லை. இந்த மீன் குளத்தின் சொந்தம் என்றால் குளம் இருக்கும், கூடும் இருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு அடுத்த மீனைத் தேடினாள்.

பங்குனியில் முடிவு வந்தது. கொட்டிச் செடி எல்லாக் குளத்திலும் ஒன்றுதான். கெண்டை அப்படியில்லை. ஆலடிமோட்டைக் கெண்டை மற்ற நாலு குளத்துக் கெண்டைகளோடும் சேரவில்லை. பத்மாசனியின் கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போனது. பிறகு நடந்ததைத்தான் மீனம்மா எதிர்பார்க்கவில்லை. யோகலிங்கம் ஒரே இரவில் மாறிப்போனார். கொழும்பில் இருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் மீன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திலாப்பியாக் கதையை விட்டுவிட்டுத் தகரப் பலகை ஒன்று எழுதுவித்தார். ஊர்ப் பரம்பரை மீன், ஊர்ச் சங்கத்தின் காவல், வெளியார் குளத்தில் இறங்கத் தடை. வெளியார் என்று அந்த ஊரில் இருந்தது ஒரே ஒருத்தி.

பலகை நடுவதற்கு முன் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் வைத்தார்கள். செயலகத்திலிருந்து மரியநேசன் என்ற கந்தோர் அதிகாரி குளத்தைச் சங்கத்தின் காவலில் விடும் உத்தரவோடு வந்திருந்தார். முல்லைத்தீவுக் கரையில் இருந்து இடம்பெயர்ந்தவர். நேரம் போனால் பஸ் போய்விடும் என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்மாசனி முன் கதிரையில். மீனம்மா கொட்டகைத் தூணோடு நின்றாள்.

யோகலிங்கம் எழும்பினார். “இந்த மீனும் எங்கட சனமும் ஒரே காலத்தில இந்த மண்ணுக்கு வந்தது. வந்தான் வரத்தான் எல்லாம் கூடு வைச்சு அள்ளுறதை இண்டையோட நிப்பாட்டுறம்.”

“அந்த மீனை நாந்தான் கொண்டாந்தேன்” என்றாள் மீனம்மா.

ஒருவர் இருமினார். பின்னால் இருந்து, “மீனம்மா எண்ட பேருக்கு மீனெல்லாம் இவவின்ரை பிள்ளையளாக்கும்!” என்று ஒரு குரல் வந்தது. கொட்டகை சிரித்தது.

“சிரிங்க. தொண்ணூறுல உருத்திரபுரத்து வாய்க்கால்லருந்து கலன்ல கொண்டாந்தேன். எங் கெணத்துல விட்டேன். கெணறு வழிஞ்சு கொளத்துக்குப் போச்சு. ஒங்க அப்பப்பா பாத்திருக்க முடியாதுங்க.”

“பொய்! இருக்கிற இடமும் பறிபோகுது எண்டு புழுகிறாள்!” யோகலிங்கம் மேசையில் அடித்தார்.

பத்மாசனி திரும்பவே இல்லை. மடியில் இருந்த கடதாசிகளைப் புரட்டிக்கொண்டு, சலித்த குரலில் கேட்டார். “எத்தினை கொண்டந்தனீர்?”

“முப்பது எடுத்தேன். உசிரோட வந்தது ஏழு.”

கடதாசி புரட்டிய கை நின்றது. பத்மாசனி இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறிக்கையில் ஒரு இடத்தில் அவருக்கே விளக்கம் சரியாகப் பிடிபடாமல் இருந்தது. ஆலடிமோட்டையில் எடுத்த நாற்பது மீனும் மரபணுவில் அக்கா தங்கை போல ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஐந்தாறு தாய்மீனிலிருந்து வந்த கூட்டம் போல. பழைய வரட்சி ஒன்றில் குளம் வற்றி, சில மீன் மட்டும் தப்பியிருக்கும் என்று எழுதி முடித்திருந்தார்.

“இதை ஏன் போன வருசம் எனக்குச் சொல்லேல்லை?” குரல் உயர்ந்தது.

“நீங்க அவருகிட்டத்தானே கேட்டீங்க?”

“நீர் பக்கத்தில நிண்டனீர்!”

“நின்னேன். ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?”

பத்மாசனியின் முகம் சிவந்தது. “என்ர பேரில கடிதம் போயிட்டுது. தெரியுமே உமக்கு? தெரிஞ்சுகொண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கிறீர். உமக்கு வசதி எண்டபடியால்.”

அது உண்மை. மீனம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். “ஆமாங்க. என் வயித்துக்கு வசதின்னுதான் நின்னேன். இப்ப அதே வயித்துல அடிக்கிறாரு. சொல்லிட்டேன்.”

“அப்ப மீன் பரம்பரை மீன் இல்லை. நாங்கள் திலாப்பியாவே விடுறம்” என்றார் யோகலிங்கம். பலகையைச் சுமந்து வந்தவரே அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“விடேலாது” என்று பத்மாசனி எரிந்து விழுந்தார். “உருத்திரபுரத்தில இப்ப அந்த வாய்க்கால் இருக்குதோ, மீன் இருக்குதோ, ஆருக்குத் தெரியும்? அங்க இல்லையெண்டால் இந்த மீனுக்கு இது ஒண்டுதான் இடம். அங்க எடுத்துப் பரிசோதிக்கும் வரைக்கும் நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கமாட்டன். உங்கட பலகையிலயும் இல்லை.”

“அங்க போறதுக்குப் பாதை எங்க, மிஸ்?” என்றார் மரியநேசன். “சண்டை எல்லை, ஓமந்தைக்கு அங்கால ஒரு குருவி போகேலாது.” பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், உத்தரவுக் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “பாதை திறந்து மிஸ் பாத்துச் சொல்லும்வரைக்கும் குளம் இருந்தபடியே இருக்கட்டும். இறைப்பும் வேண்டாம், பலகையும் வேண்டாம். கூடு வைக்கிற ஆக்கள் வைக்கட்டும்.”

பத்மாசனி போத்தல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். மீனம்மா பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். போவதற்குமுன் கொப்பியைத் திறந்து, “முழுப்பேர் என்ன?” என்று கேட்டார். சொன்னதும் எழுதினார். நன்றி சொல்லவில்லை. மீனம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை யோகலிங்கம் குளக்கட்டில் நின்றார். இந்தமுறை சைக்கிளைச் சாய்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாதை ஒருநாளைக்குத் திறக்கும்தானே? திறக்கட்டும். அண்டைக்குப் பாக்கிறன் உன்னை.”

“தொறக்கட்டுங்க.”

உருத்திரபுரத்தில் தங்கை வடிவம்மா இருக்கிறாளா இல்லையா என்று பதினொரு வருடமாகத் தெரியாது. பாதை திறக்கவேண்டும் என்று அவள் வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. இனி அது திறக்கிற அன்றைக்கு இந்தக் குளத்துக்கும் தீர்ப்பு: அங்கே மீன் இருந்தால் இந்தக் குளம் அவள் கையைவிட்டுப் போகும். தன் வேண்டுதலை அந்த மனிதன் வாயால் கேட்க வேண்டி வந்ததே என்ற எரிச்சலில், கூட்டின் தடியைச் சேற்றுக்குள் வழமையைவிட ஆழமாக இறக்கினாள். கலங்கிய தண்ணீர் தெளியும் வரைக்கும் கட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றாள்.