அக்காவின் இருமல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். பிரியாவிடையில் அவரைப் பற்றி நீதான் பேச வேண்டும் என்றார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

கொரோனா வந்த காலத்தில் நாடே கதவடைத்துக் கிடந்தது. எங்கள் பொகவந்தலாவைக் கடைத்தெருவில் நாய்கள்தான் நடமாடின. ஆனால் தேயிலைக் கொழுந்துக்கு ஊரடங்கு தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்தது. மலையில் பெண்கள் எடுத்தார்கள், தொழிற்சாலையில் நாங்கள் அரைத்தோம். எனக்கும் அந்த நோய் வந்தது. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் காய்ச்சல், பதினான்கு நாள் தோட்டக் குடியிருப்பில் என் லயத்து அறைக்குள் இருப்பு, அவ்வளவுதான். மறுபடி வேலைக்கு வந்த அன்றுதான், மூக்கை அது கொண்டுபோய்விட்டது தெரிந்தது.

வேறு வேலை என்றால் பரவாயில்லை. நான் நின்றது புளிக்கவைக்கும் மேசையில். வாடிய கொழுந்தை ரோலரில் அரைத்து அந்த மேசையில் பரப்பி வைப்போம். பச்சை வாடை மெல்லப் போய், பழுத்த பழம் மாதிரி ஒரு மணம் எழும்பும். அந்த நேரம் பார்த்து அள்ளி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேநீர் கசக்கும், பிந்தினால் சப்பென்று போய்விடும். நிறத்தைப் பார்த்தும் சொல்லலாம். ஆனால் பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும் எங்கள் ஊரில், பல்பு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். மூக்குதான் நிச்சயம். பன்னிரண்டு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டி, முழங்கால் கெட்டுப்போன என்னை, தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா மலையிலிருந்து இறக்கி மேசைக்கு எடுத்ததே இந்த மூக்குக்காகத்தான். அது இல்லை என்று தெரிந்தால் மறுபடியும் மலை. அதனால் வாயைத் திறக்கவில்லை.

அக்கா அப்போது ரோலரிலிருந்து மேசைக்குத் தள்ளுவண்டியில் அரைத்த கொழுந்து கொண்டுவரும் வேலை செய்தார். மூன்றாம் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். மேசைக்கு அடியில் எங்கோ எலி செத்துக் கிடந்திருக்கிறது. எல்லாரும் மாஸ்க்குக்கு மேலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைய, நான் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“செத்தது எலி மட்டும்தானா தம்பி? இல்ல, ஒன் மூக்குமா?”

மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதீங்க அக்கா என்று கெஞ்சினேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. வண்டியோடு மேசையைக் கடக்கும்போது தானே மோந்து பார்ப்பதாகவும், பதம் வந்திருந்தால் ஒரு தடவை செருமுவதாகவும் சொன்னார். எங்கள் பக்கம் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போகிற ஆண்கள் தூரத்திலேயே செருமிக்கொண்டுதான் போவோம், பெண்கள் குளித்துக்கொண்டிருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று. சொல்லாமல் சொல்ல எங்களுக்குத் தெரிந்த வழி அது. எந்தக் காலத்தில் அதைச் செய்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

பத்து நாள் நன்றாகத்தான் போனது. அக்கா மாஸ்க்கை இறக்கி மோந்துவிட்டுச் செருமுவார். நான் தலையை ஆட்டுவேன். டீமேக்கர் ஐயா “அள்ளு” என்பார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பழுதாகிக் கிடந்த இரண்டாவது ரோலரையும் ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அக்காவின் செருமல் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு தரம் செருமிப் பார்த்தவர், தேயிலை கெட்டுப்போகிறதே என்ற பதற்றத்தில் அடிவயிற்றிலிருந்து இருமினார்.

“யாரு இருமுனது?” என்றார் ஐயா.

இரண்டு ரோலரும் நின்றன. அக்காவைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது. ரோலர்காரர் மாஸ்க்குக்கு மேலே துண்டையும் சுற்றிக்கொண்டார். தொண்டையில் தூசி என்று அக்கா சொல்லிப் பார்த்தார், ஐயா கேட்கவில்லை. லொறியை வரச் சொன்னார். இருமினவர்களை தோட்டத்து மேற்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு நாள் வைப்பதுதான் அப்போதைய சட்டம். அக்காவின் மகளுக்கு அந்த வாரம்தான் தலைப்பிரசவம். அது அங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படியும் அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. வண்டிப் பிடியைத் துடைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அதுவரை டீமேக்கர் ஐயாவிடம் நான் பேசியதெல்லாம் “சரிங்க ஐயா” என்ற இரண்டு சொல்தான். அன்றைக்கு எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“ஐயா, அது இருமல் இல்லைங்க. நான்தான் அக்காவ செருமச் சொன்னேன். எனக்கு மூக்கு வேல செய்யலைங்க. பதம் பாத்துச் சொல்றதே அக்காதான்.”

மலைக்குத்தான் அனுப்பப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

“எனக்கும் ரெண்டு வாரமா ஒன்னும் மணக்கலைப்பா. நீ தலையாட்டுறதப் பாத்துத்தான் நான் அள்ளச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

வாசலில் நின்ற அக்கா இடுப்பில் கை வைத்தார். “அப்ப இத்தன நாளும் இந்தப் பெக்டரி ஓடுனது என் ஒத்த மூக்குலயா?”

முதலில் ரோலர்காரர் சிரித்தார், பிறகு எல்லாரும். சிரித்துச் சிரித்து அக்காவுக்கு உண்மையாகவே இருமல் வந்துவிட்டது. உடனே எல்லாரும் மறுபடி இரண்டடி பின்னால் போனோம். லொறியைத் திருப்பி அனுப்பினார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து சோதித்ததில் அக்காவுக்கு ஒன்றும் இல்லை. பேரன் பிறந்தபோது அவர் மகள் பக்கத்தில்தான் இருந்தார். அந்த மாதத் தேயிலை நன்றாக இருந்ததாகக் கொழும்பு ஏலத்திலிருந்து கடிதம் வந்தபோது, ஐயா அதை முதலில் அக்காவிடம்தான் காட்டினார்.

நான் மலைக்குப் போகவில்லை. அக்கா மேசைக்கு வந்தார், அவருடைய தள்ளுவண்டி எனக்கு வந்தது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அடுப்பு விறகின் புகை எனக்கு மணத்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மேசைக்குத் திரும்பி வருகிறாயா என்று ஐயா கேட்டார். அக்கா நிற்கட்டும் ஐயா, என் மூக்கை விட அது நல்ல மூக்கு என்றேன். பொய் இல்லை.

இப்போது அவர் போவதால் மேசை மறுபடி எனக்கு. எனக்கோ பயம். போன புதன்கிழமை அக்கா முந்தானையால் தன் மூக்கை மூடிக்கொண்டு, இன்றைக்கு நீ சொல் என்று தள்ளி நின்றார். குனிந்து மோந்தேன். இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி மோந்தேன். அள்ளலாம் என்றேன். அக்கா முந்தானையை எடுத்து, ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். திரும்பி, இரண்டு ரோலரின் சத்தத்துக்கும் மேலே கேட்கும்படி, “அள்ளுங்க” என்றார்.

எழுதத் தொடங்கியது பொங்கலுக்கு முன்னால். முடித்தது, தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.