முத்தக்காவுக்கு ஒரு பொன்னாடை

முத்தக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை என் ஆயுளில் பார்த்ததில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளிக்கூட விடுதியில் நூற்றிருபது பெண்பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட மனுஷி, ஆபீஸ் அறையில் டெலிபோன் மணி அடித்தால் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். "ஆத்தாடி, எந்தப் பிள்ளை வீட்டுல என்னவோ!" என்பாள். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைத் தொடப் பயம். வார்டன் செல்வமணி டீச்சரின் செருப்புச் சத்தத்துக்குப் பயம். நாங்கள் யாராவது ஒரு வேளை சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டால் அதற்கும் பயம். "மூஞ்சி வெளுத்துக் கிடக்கேட்டி, நாக்கை நீட்டு பாப்போம்" என்று பந்தியிலேயே வந்து நிற்பாள். நாங்கள் சும்மா இருப்போமா? அரிசிப் பானைக்குள் ரப்பர் பல்லியைப் போட்டு அவளை அலற வைத்தவள் சாட்சாத் நான்தான்.

முத்துத்தாய் என்பது முழுப்பெயர். ஊர் பனவடலிசத்திரம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டு பல வருஷம் கிடந்தாள். ஒருநாள் மதினி, "உக்காந்து திங்கதுக்கு ஒருத்தி" என்று தெருவே கேட்கச் சொன்னாளாம். அன்றைக்குத் துணிப்பையோடு பஸ் ஏறியவள்தான், பதினாலு வருஷமாக விடுதிச் சமையற்கட்டில் இருந்தாள். பெரிய லீவுக்கு நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவோம். அவள் மட்டும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு நாங்கள் வரும்வரை விடுதியிலேயே இருப்பாள். போவதற்கு அவளுக்கு வேறு வீடு கிடையாது.

நான் சொல்வது எண்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரல் மாதம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு. கடைசிப் பரீட்சை முடிகிற அன்று சாயங்காலம் விடுதி ஆண்டு விழா நடக்கும். கோலாட்டம், நாடகம், பரிசு, அப்புறம் வடை பாயசத்தோடு சாப்பாடு. மறுநாள் காலையில் வீட்டு ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள். அந்த வருஷம் முத்தக்காவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்ற யோசனை என்னுடையது. நல்ல பேர் வாங்க ஆசை, வேறென்ன? வார்டனிடம் போய்க் கேட்டேன். எதைக் கேட்டாலும் முறைக்கிற செல்வமணி டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. செய்யுங்க" என்றார். சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொன்னாடையை என் தோழி ரசீதாவின் வாப்பா வாங்கிக் கொடுத்தார்.

ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தோம். விடுதியில் ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? நாலு நாளைக்கு முன்பே முத்தக்காவின் காதுக்குப் போய்விட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகம் செத்துப்போயிற்று. பளபளவென்று இருந்த அண்டாவை மறுபடி மறுபடி தேய்த்தாள். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வார்டன் எதிரில் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"ஏட்டி வள்ளி, என்னைய அனுப்பப் போறாவளா?"

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? பொன்னாடை மரியாதைக்குப் போடுதது முத்தக்கா."

"வாட்ச்மேன் குருநாதன் அண்ணாச்சிக்குப் போட்டாவ. மறுநாளே டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போனாவ. வாசல் பெருக்குத அன்னக்கிளிக்குப் போட்டாவ. அவளும் போயிட்டா. பதினாலு வருசமாப் பாக்கேன், இங்கன போறவங்களுக்குத்தான் அதப் போடுதாவ. என்னைய அனுப்பிட்டா நான் எங்கட்டி போவேன்?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தேன். பக்கத்தில் நின்ற ரசீதாவும் சிரித்தாள். யோசனையே என்னுடையது, இவள் என்னத்துக்கு இப்படி நடுங்குகிறாள் என்று எரிச்சலும் வந்தது.

விழா அன்று மைக்கில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம். தேடிக்கொண்டு ஓடினேன். விறகு அறையில், அடுக்கி வைத்த விறகுக்குப் பின்னால் குத்த வைத்திருந்தாள். வியர்த்து ஊற்றியது.

"நான் வரல மக்கா. நான் வரலன்னா போட முடியாதுல்லா?"

அங்கே நூற்றிருபது பேர் காத்திருக்கிறார்கள். எனக்கு மானம் போகிறது. கோமதியம்மன் கோவில் கோபுரம் இருந்த பக்கம் கையை நீட்டி, "கோமதியம்மா மேல சத்தியமாச் சொல்லுதேன். ஒங்களைய யாரும் அனுப்பல. போதுமா?" என்றேன்.

என்னைத் தேடிவந்த ரசீதா வாசலில் நின்று, "தெரியாம எதுக்குட்டி சத்தியம் பண்ணுத?" என்றாள். எங்கள் ஊர்ப் பக்கம் சந்தையில் கத்திரிக்காய் விற்கிறவன்கூடக் கோமதியம்மன் பேரில் லேசில் சத்தியம் பண்ணமாட்டான். முத்தக்கா என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த விறகுத் தூசியைத் தட்டிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வார்டன் பொன்னாடையைப் போர்த்தினார். ஒரு தாளை எடுத்து வாசித்தார். "பதினான்கு ஆண்டுகளாக நமக்கு அன்போடு உணவு சமைத்த முத்துத்தாய் அவர்கள், இன்றோடு பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். வரும் ஆண்டு முதல் சமையல் வேலை காண்ட்ராக்டில் நடைபெறும்."

கைதட்டினோம். 'அன்போடு' என்ற சொல்லிலேயே தட்ட ஆரம்பித்தவர்கள் பிறகு என்ன வாசித்தார் என்று கேட்காமலே தட்டினார்கள். பாவி, நான்தான் எல்லோருக்கும் முன்னால் தட்டத் தொடங்கியவள். வாசித்தது மண்டைக்குள் இறங்கியபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. மேடையில் முத்தக்கா அழவில்லை. கூட்டத்தில் என்னைத்தான் தேடினாள். நான் ரசீதாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

சாப்பாட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. போகாமல் இருந்தால் நான் ஒளிகிறது இன்னும் தெரிந்துவிடும் என்று போனேன். பொன்னாடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு அவளேதான் பரிமாறினாள். வரிசையில் ஒவ்வொரு இலையாக அவள் நெருங்கி வர வர நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திட்டுவாள், அழுவாள், எல்லோர் முன்னாலும் கேட்பாள் என்று நினைத்தேன். என் இலைக்கு வந்தாள். இரண்டு வடை வைத்தாள். குனிந்து என் காதுக்குள் சொன்னாள்.

"அம்மன் பேருல பொய்ச்சத்தியம் ஆயிப் போச்சேட்டி. எனக்குப் பயமாருக்கு."

அன்று இரவு நான் காய்ச்சல்காரி மாதிரி போர்த்திக்கொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சிவகிரியிலிருந்து வரவேண்டிய என் அப்பா இன்னும் வரவில்லை. முத்தக்காவின் துணிப்பை மட்டும் கேட் ஓரமாக இருந்தது; ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் கோவில் பக்கமிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தாள். நேராக என்னிடம் வந்து முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். அம்மன் கோவில் பிரசாதமான புற்றுமண்.

"ஒன் பேரச் சொல்லிக் கோவில்ல உப்பும் மிளகும் காணிக்கை போட்டுட்டேன். புள்ள தெரியாமச் சொல்லிட்டா, அவளை ஒண்ணும் செஞ்சிராதன்னு அம்மன்கிட்டக் கேட்டிருக்கேன்" என்று என் நெற்றியில் மண்ணைப் பூசினாள். பூசிய அவசரத்தில் பாதி மண் என் கண்ணில் விழுந்தது. "இனிமே ஒண்ணும் ஆவாது. நீ பயப்படாத."

"நீங்க எங்க போவிய முத்தக்கா?" என்று கேட்டேன்.

"நான் எங்கயாவது போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். கேட்டைத் தாண்டியவள் திரும்பி வந்து, "காலையில சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டாள்.