சக்களத்திக்கு ஒரு பாறை வீடு

என் அக்காவுக்கு ஒரு சக்களத்தி உண்டு. வயது பதினொன்று. இருப்பது உப்புத் தண்ணீருக்குள். நூறு பச்சை விரல்களை நீட்டிக்கொண்டு நாளெல்லாம் ஆடுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை கிடையாது. அவள் ஒரு பவளம். கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கிவந்தவளை என் அத்தான் பூசணிக்காய் அளவுக்கு வளர்த்துவிட்டார். சக்களத்தி என்று பெயர் வைத்தது நான் இல்லை. கேலி பேசக் கொழுந்தியாளுக்கு எல்லா உரிமையும் உண்டு, ஆனால் இந்தப் பெயர் அக்கா வைத்தது.

அத்தானுக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் பட்டறையில் உட்கார்ந்து பல்லும் ஈறுமாகச் செய்து திருப்பி அனுப்புவார். எங்கள் தெருவிலேயே ஆறு பேர் இவர் செய்த பல்லைப் போட்டுக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். யார் யார் என்று நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "தொழில் ரகசியம்" என்று வாயை மூடிக்கொள்வார். அளவு சரியில்லாமல் அச்செடுத்து அனுப்பும் டாக்டர்களிடம் மட்டும் போனில் குரல் உயரும். "வாய் எவ்வளவு திறக்கும்னு பாக்காம பல்லுக்கு அளவு எடுக்கலாமா சார்? செட்டு ஜோரா இருக்கும், உள்ள போகாது!" இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

அக்கா பிரசவ வார்டில் நர்ஸ். முப்பது வருஷமாக ஊரார் பிள்ளைகளைக் கையில் வாங்கி வாங்கி, அவள் கையில் இன்றுவரை ஒரு டம்ளர்கூட நழுவியதில்லை. வேலை முடிந்து வந்தால் ஹாலில் தன் நாற்காலியில் காலை நீட்டி உட்காருவாள். அத்தான் பின்னறையில் சக்களத்தி இருக்கும் சின்னக் கண்ணாடித் தொட்டி முன்னால் உட்காருவார். அந்த அறையில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அக்காவுக்கு வராத கோபம் எனக்கு வரும். கட்டிய பெண்டாட்டி ஒரு அறையில், இவர் கடல் பார்ப்பது ஒரு அறையில் என்றால் எந்தத் தங்கைக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

போன வருஷம் சின்னத் தொட்டியின் ஒரு மூலை கசிய ஆரம்பித்தது. பசை வைத்து அடைத்தார், மறுபடி கசிந்தது. புதுத் தொட்டி வேண்டும், அதுவும் பெரிதாக, ஆறடி நீளத்தில், ஹாலில் என்று இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தது.

"வச்சுக்கோங்க. ஆனா என் நாற்காலி இருக்கிற இடத்தைவிட்டு ஒரு இஞ்ச்சும் நகராது" என்றாள் அக்கா.

தொட்டி வந்தது. நான் அடுத்த நாளே மீன் நீந்தும் என்று நினைத்தேன். அத்தானோ இரண்டு மாதம் கல்லை ஊறப்போட்டார். துளைத்துளையாகக் கடற்பஞ்சு மாதிரி இருக்கும் கல். குளியலறையில் மூன்று பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் உப்புத் தண்ணீரில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அதில் குடியேறிவிட்டால் தண்ணீரின் அழுக்கையெல்லாம் அவையே தின்றுவிடுமாம். அதுவரை அந்த வீட்டில் மனிதர்கள் ஒரு வாளியில் குளித்தார்கள்.

அப்புறம் ஹால் தரையில் நீல டேப் ஒட்டினார். ஆறடிக்கு இரண்டரையடி, தொட்டியின் அடிப்பாகம் எவ்வளவோ அவ்வளவு. அந்தக் கட்டத்துக்குள் கல்லை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். நான் பார்த்தவரை முதல்நாள் அடுக்கியது அழகாகத்தான் இருந்தது.

"செங்கல் சுவர் மாதிரி இருக்கு" என்று அவரே பிரித்துப் போட்டார். "மீனுக்கு முன்னால மட்டும் இடம் இருந்தா போதாது. பின்னால போகணும், மறையணும், இன்னொரு பக்கமா எட்டிப் பாக்கணும். இல்லன்னா அதுக்கு சீக்கிரம் சலிச்சுடும்."

"மனுஷங்களுக்கும் அப்படித்தான் அத்தான். உங்க வீட்டுல பின்னறைக்குப் போய் மறையுற மீன் ஒண்ணு எனக்குத் தெரியும்."

அவர் காதில் விழாதது போல ஒரு கல்லைத் திருப்பி வைத்தார்.

இடதுபக்கம் உயரம், வலதுபக்கம் தணிவு, நடுவில் ஒரு வளைவு. கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு கை நுழைய இடைவெளி, பாசி துடைக்க வேண்டுமே. மணலை முதலில் கொட்டக்கூடாது, கல் தொட்டியின் தரையில் நேராக உட்கார்ந்த பிறகுதான் மணல். மணல்மேல் கல்லை வைத்தால் இறால் அடியில் குழி பறித்து ஒருநாள் மொத்தமும் சரிந்துவிடும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். பவளங்களை யாருக்குப் பக்கத்தில் யாரை வைப்பது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு படம் வரைந்தார்.

"இவ கையை நீட்டுவா. ஒரு சாண் தூரத்துல யாரு இருந்தாலும் சுட்டுடுவா" என்று சக்களத்தியைக் காட்டினார்.

"நம்ம பெரியம்மா மாதிரின்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. படத்தில் 'ஒரு சாண்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

சக்களத்திக்கென்று இடதுபக்க உயரத்தில், கல்லிலிருந்து கை நீட்டியது போல ஒரு சின்னத் தட்டு. அதை எங்கே வைப்பது என்று பார்க்க, அக்காவின் நாற்காலியைத் தவிர வீட்டிலுள்ள நாற்காலி ஒவ்வொன்றையும் ஹாலில் ஒவ்வொரு மூலையில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி தனக்கு என்று நிச்சயம் செய்துகொண்டு, தட்டை அதற்கு நேராக வைத்தார். அக்காவின் நாற்காலி எதிர்மூலையில். அங்கிருந்து பார்த்தால் பாறையின் முதுகுதான் தெரியும். ஹாலுக்கு வந்தும் இவருக்குத் தனி மூலை என்று எனக்கு வயிறு எரிந்தது. அக்கா தன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டாள்.

அதன்பின் பட்டறையிலிருந்து துளையிடும் கருவி வந்தது. கல்லில் துளை போட்டு, உள்ளே குச்சி இறக்கி, மேலே சிமெண்ட் பூசி, வளைவு முழுவதையும் ஒரே உருப்படியாக ஒட்டினார். வெள்ளைப் பூச்சு கண்ணை உறுத்துகிறது என்று சிமெண்டில் நிறம் கலந்தார். அவருக்குத் தெரிந்த நிறம் எது? ஈறு நிறம். பத்து நாளில் ஹால் நடுவே நாலடி நீளத்துக்கு ஒரு பாறை ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. கிருமிகள் காய்ந்துவிடக்கூடாது என்று ஈரத்துணி போர்த்தி, வேளாவேளைக்கு உப்புத் தண்ணீர் தெளித்தார்.

"எங்க வார்டு குழந்தைங்களுக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடையாது" என்று அக்கா அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய்வந்தாள்.

பூச்சு இறுகி முடிந்த மறுநாள் காலை பழைய தொட்டி முந்திக்கொண்டது. மூலை பிளந்து, தண்ணீர் முழுவதும் பின்னறைத் தரையில். நான் போவதற்குள் மீன் இரண்டும் மற்ற சின்னப் பவளங்களும் ஒரு வாளியில், சக்களத்தி இன்னொரு வாளியில். நூறு விரலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, சளியாகக் கக்கிக்கொண்டு, பார்க்கப் பழைய துடைப்பம் போல இருந்தாள்.

"இந்த வாளித் தண்ணி சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்றார் அத்தான். "பரவாயில்ல, எல்லாம் தயாரா இருக்கு. கல்லை இறக்கிட்டு தண்ணி விட்டா ரெண்டு மணி நேரத்துல இவ உள்ள போயிடுவா."

என் வீட்டுக்காரர், பஸ் டிரைவர், அன்று லீவில் இருந்தார். மூன்று பேருமாகப் பாறையைத் தூக்கித் தொட்டிக்கு மேலே கொண்டுபோனோம். அங்கேதான் நின்றோம்.

தொட்டி தண்ணீர்ப் பாரத்தில் விரிந்துவிடாமல் இருக்க, மேலே நடுவில் குறுக்காக ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருப்பார்கள். ஆறடித் தொட்டிதான், ஆனால் வாய் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் இரண்டரையடி. பாறை நாலடி. அத்தான் அடிப்பாகத்தை அளந்தார், உயரத்தை அளந்தார், இறாலுக்குக் கணக்குப் பார்த்தார், பெரியம்மாவுக்குக்கூட ஒரு சாண் ஒதுக்கினார். மேலே மட்டும் பார்க்கவில்லை.

எனக்கு அடக்க முடியவில்லை. பாறையைக் கீழே வைத்த கையோடு இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர் குரலிலேயே சொன்னேன்: "வாய் எவ்வளவு திறக்கும்னு பாக்காம அளவு எடுக்கலாமா சார்? செட்டு ஜோரா இருக்கு, உள்ள போகல!"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷம்" என்றார், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாய்க்கொழுப்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு, அன்றுதான் அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இரும்பு அறுக்கும் வாள் ஒன்றை எடுத்துவந்தார். வளைவை நடுவில் அறுத்து, இரண்டாக இறக்கி, உள்ளே வைத்து ஒட்டவேண்டும். ஒட்டினால் இறுக ஒரு நாள் ஆகும். அதுவரை தண்ணீர் விடமுடியாது. நாளைக்குச் சக்களத்தி இருக்கமாட்டாள். இதெல்லாம் தெரிந்தேதான் வாளை வளைவின்மேல் வைத்தார்.

அப்போது அக்கா காலை வேலை முடிந்து உள்ளே வந்தாள். பாறையைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கடைசியாக வாளியைப் பார்த்தாள்.

"வாளைக் கீழ வைங்க" என்றாள். "எதுக்கெடுத்தாலும் கத்தி எடுக்குறதா?"

நேராகப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கைகழுவி வந்தாள். பாறைக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை முழுக்கத் தடவினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வார்டில் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

"படுக்க வச்சு எடுக்கணும். தணிஞ்ச பக்கம் முதல்ல. பட்டைக்கு அடியில இடுப்பு போனதும் கால்வாசி திருப்பணும், அப்புறம் தோள் தானா வரும். யாரும் அவசரப்பட்டு அழுத்தக்கூடாது. ஏண்டி, நீ அந்தப் பக்கம் பிடி. வாயை மூடிட்டு பிடி."

தூக்கினோம். தணிந்த பக்கம் உள்ளே போனது, பட்டைக்கு அடியில் நழுவியது. என் வீட்டுக்காரர் பஸ்ஸைப் பின்னால் எடுப்பது போல "வரலாம், வரலாம்" என்றார். அக்கா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார். நடுவில் எங்கோ முட்டி நின்றது. "செத்தேன்" என்று அத்தான் முனகினார்.

"நீங்க மூச்சு விடுங்க முதல்ல. ஆ... அப்படித்தான். இப்ப திருப்பு. மெல்ல. இன்னும் கொஞ்சம். வந்துடுச்சு, வந்துடுச்சு..."

பாறை புரண்டு நிமிர்ந்து, தொட்டியின் தரையில் பொத்தென்று உட்காராமல் மெத்தென்று உட்கார்ந்தது. அந்த நேரத்தில்தான் 'டக்' என்று ஒரு சத்தம். இடதுபக்கத் தட்டு, சக்களத்திக்கென்று செய்த தட்டு, ஒடிந்து அக்காவின் கையோடு வந்திருந்தது.

"அடடா" என்றாள் அக்கா.

வருத்தப்பட நேரமில்லை. மணல் போட்டோம், தண்ணீர் விட்டோம். அத்தான் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தவித்தார். தண்ணீர் இதமாக ஓடவேண்டும், வெளிச்சம் அளவாக விழவேண்டும், ஒரு சாணுக்குள் யாரும் இருக்கக்கூடாது. அப்படிப் பார்த்தால் மிஞ்சியது ஒரே இடம், வலது ஓரத்தில் தணிவான கல். அக்காவின் நாற்காலிக்கு நேர் எதிரே.

"இவ மூஞ்சியிலதான் நான் தினம் முழிக்கணுமா?" என்று சொல்லிக்கொண்டே அக்காவே வாளியில் கைவிட்டு, இரண்டு உள்ளங்கையிலும் சக்களத்தியை ஏந்தி உள்ளே வைத்தாள்.

மூன்று நாள் அவள் விரல் நீட்டவில்லை. அத்தான் சாப்பிடவில்லை. வேலைக்குப் போகும்முன் அக்கா தொட்டி முன்னால் குனிந்து நிற்பதை நானே பார்த்தேன். "நடிக்காதடி, எழுந்திரு" என்று திட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலை எனக்குப் போன் வந்தது. "ஓடி வாடி. கண்ணு முழிச்சுட்டா."

போனேன். நூறு விரலும் வெளியே வந்து, நுனியெல்லாம் மினுங்க, ஒன்றுமே நடக்காதது போல ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தட்டை ஒட்டிட்டு இவளை மறுபடி அந்தப் பக்கமே மாத்திடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கை வச்சுப் பாருங்க. பிரசவம் பாத்தது நானு" என்றாள் அக்கா.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து பார்த்தால் இப்போது பாறையின் முதுகுதான் தெரிகிறது. இரண்டு நாள் அத்தான் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். இப்போதெல்லாம் சாயங்காலம் போனால் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, ஒரே தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு, சக்களத்தியைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள். எனக்கு உட்கார இடமில்லை.

போன வாரம் அக்கா வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடியபோது, அதற்குப் பின்னால் ஈறு நிறப் பூச்சோடு அந்த ஒடிந்த தட்டு இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அக்கா முன்னால் நீட்டினேன்.

"முப்பது வருஷத்துல உன் கையில ஒரு டம்ளர்கூட நழுவினதில்ல. இது மட்டும் எப்படிக்கா ஒடிஞ்சுது?"

அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, பழையபடி உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

"பிரசவ அறையில நடந்ததெல்லாம் வெளிய சொல்றதில்லடி" என்றாள்.